போட்டோவில் தெரியாத சொரசொரப்பு

கனகவல்லி சிஸ்டருக்குப் பதினாறு வருட சர்வீஸ். கோவிலம்பாக்கம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, படித்தவர்கள் சொல்லும் வைத்தியத்தைப் பொறுமையாகக் கேட்பது எல்லாம் அவள் வேலை. மூன்றாவதுதான் கஷ்டம்.

சத்யநாராயணன் நிறையப் படித்தவர். ஏழு வயது மகள் நித்யஸ்ரீக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பெல்லாம் சிவப்பு. மகளை வீட்டில் விட்டுவிட்டு அவள் போட்டோவை மட்டும் அழைத்து வந்திருந்தார். அரசு ஆஸ்பத்திரிக் காற்று பிள்ளைக்கு ஆகாதாம்.

"அப்பார்ட்மெண்ட் குரூப்ல போட்டேன் சிஸ்டர். பதினெட்டு பேர் அம்மைன்னாங்க, ஆறு பேர் ஹீட்டுன்னாங்க. நீங்க கன்ஃபர்ம் பண்ணா போதும்."

போனில் பிள்ளையின் தோல் சோப்பு விளம்பரம் மாதிரி வழவழவென்றிருந்தது.

"இன்னா சார், பியூட்டி மோடுல எடுத்துகீறீங்க! கொயந்தைய இட்டாங்க. தொட்டுப் பாக்கணும்."

"அம்மைன்னா தொடக் கூடாதே?"

"நீங்க தொடாதீங்க. நான் தொட்டுக்கிறேன்."

நித்யஸ்ரீ வந்தாள். கனகவல்லி அவள் வயிற்றில் விரலை ஓட்டினாள். கனகவல்லியின் கணவன் சுகுமார் பெயிண்டர். சுவர் தேய்க்கும் உப்புத்தாள் வீடெங்கும் கிடக்கும். அதே சொரசொரப்பு! நாக்கோ ஸ்ட்ராபெரிப் பழம். வாயைச் சுற்றி மட்டும் வெளுப்பு. நேரே டாக்டர் ஜெரூஷாவிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் தொண்டையைப் பார்த்தார். "ஸ்கார்லெட் ஃபீவர். அம்மை இல்லை, தொண்டைக் கிருமி. பத்து நாள் ஆன்டிபயாடிக், ஒரு வேளை கூட விடக் கூடாது."

நாலாம் நாள் கனகவல்லி போனுக்கு ஒரு படம் வந்தது. மகள் நடனமாடுகிறாள். கீழே, 'காய்ச்சல் போய்விட்டது. குரூப் ஆலோசனைப்படி மருந்தை நிறுத்திவிட்டோம்.'

உடனே கூப்பிட்டாள். "காய்ச்சல் போச்சு சார், கிருமி போச்சா? பாதியில வுட்டா பின்னால இதயத்தையே கெடுத்துடும். அத்த எந்த மோடுல போட்டோ புடிப்பீங்க?"

இருபத்து நான்கு வைத்தியர்களைக் கையில் வைத்திருந்தவர் மருந்து பாட்டிலைத் தேடப் போனார். அன்று மாலையே மருந்து மறுபடி தொடங்கியது.

பத்து நாள் முடிந்ததும் காலி பாட்டிலின் படம் வந்தது. 'பாட்டிலையும் பாப்பாவையும் இட்டுகினு வாங்க' என்று பதில் போட்டாள். வந்தார்கள். கனகவல்லி பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. பிள்ளையின் விரல் நுனியில் லேசாகத் தோல் உரிந்திருந்தது, நோய் ஆறும் அடையாளம். வயிற்றைத் தடவினாள். வழவழப்பு.

"இப்ப எடுங்க சார் போட்டோ. பியூட்டி மோடு வாணாம்."