பிள்ளைமேல் விழுந்த பழி

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. உடை ஈரமானால் நீராவிமேல் பழியைப் போட்டுவிடலாம். நாளெல்லாம் நிற்கிற வேலை என்று மற்றவர்கள் ஓடிப்போன கடையில் அவள் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். உட்கார்ந்தால் அல்லவா நாற்காலி காட்டிக்கொடுக்கும்?

அவளுக்குச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இருமினால், தும்மினால் என்றில்லை, தூங்கும்போதும்தான். இத்தனைக்கும் எல்லோரையும்போல நேரத்துக்குக் கழிவறைக்கும் போய்வருவாள். டாக்டர் டாக்டராக அவளை அழைத்துப்போனவள் நாத்தனார், கணவனின் அக்கா. நல்ல மனசுக்காரி. ஆனால் யாரிடம் கேள்வி கேட்டாலும் பதில் அவளிடமிருந்துதான் வரும்.

"பிள்ளை பெத்ததுல இருந்து இப்படித்தான் டாக்டர்" என்பாள். பிரசவத்தில் தசை தளர்ந்திருக்கும் என்று அவர்களும் பயிற்சி, மாத்திரை என்று சொல்லி அனுப்பினார்கள். எதற்கும் மசியவில்லை.

உண்மை வேறு. நினைவு தெரிந்த நாளாக அவளுடைய உள்ளாடை காய்ந்ததே இல்லை. "இவ்ளோ பெரிய பொண்ணாயிட்டே, இன்னுமா?" என்று அம்மா முதுகில் வைத்த அடி கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணம் நிச்சயமானதும் அதே அம்மா கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "அங்க போய் மூச்சு விடாதேம்மா. மறைச்சுக் கட்டிக்கொடுத்துட்டாங்கன்னு பேராயிடும்."

இவளும் மூச்சு விடவில்லை. ஒன்றும் அறியாத பிள்ளைமேல் பழி விழுந்தது.

கடைசியாகப் பார்த்த டாக்டர், தளர்ந்த தசைக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார். "பிரசவத்துக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தீங்க?"

"ஆமா" என்றாள் நாத்தனார்.

வேண்டாத இடத்தில் கத்தி வைக்கப்போகிறார்கள். இன்னுமா அம்மாவுக்காக ஊமையாக இருப்பது?

"இல்ல டாக்டர். பொறந்ததுல இருந்தே" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆபரேஷனை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். ஒரு சிறுநீரகத்திலிருந்து கூடுதலாக ஒரு குழாய் கிளம்பி, சிறுநீர்ப்பைக்குள் சேராமல் அதற்கும் கீழே தப்பான இடத்தில் திறந்திருந்தது. அபூர்வமான பிறவிக் கோளாறு. "இதை யாராலயும் அடக்க முடியாதும்மா. குழாயைச் சரியான இடத்துல சேர்த்துட்டா நின்னுடும்."

வெளியே வந்ததும் நாத்தனார் இவள் பக்கம் திரும்பினாள்.

"உங்கம்மாவுக்குப் போன் போடு."

மானம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். நாத்தனார் விஷயத்தைச் சொன்னாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "பொறவியிலயே இருந்ததாம் அத்தை. நீங்க வந்து அவ பக்கத்துல இருங்க."

போனில் அம்மாவின் குரல் பக்கத்தில் நின்ற இவளுக்கும் கேட்டது.

"அப்போ, புள்ளைய நான் அடிச்சதெல்லாம்?"