கிராணி வீட்டு ரேடியோவும் என் வலது கையும்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் முதன்முதலாக ரேடியோ வாங்கியவர் பக்கத்து வீட்டுக் கிராணிதான். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, என் வீட்டுக்காரருக்கு மேலே இருந்தவர். ரேடியோ வந்த நாளிலிருந்து அந்த மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலமானால் இந்தியாவிலிருந்து பாட்டு வரும். வரிசையே அவர் வாசலில் போய் உட்காரும். ஆனால் பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், அப்பளம் பொரிப்பதுபோல் ஒரு கரகரப்பு கிளம்பிப் பாட்டை விழுங்கிவிடும்.

கிராணியின் மனைவி ரேடியோவுக்குச் சூடம் காட்டினாள். கூரைமேல் மூங்கிலில் கட்டியிருந்த கம்பியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிட்டாள். கண்ணேறாம்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

என் கவலை வேறு. வாசல் லோங்காங் சாக்கடையில் வழுக்கி விழுந்ததில் என் வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போயிருந்தது. எலும்பு கூடியும் நரம்பு எழவில்லை. பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்ட முடியாது, புடவைக்குக் கொசுவம் வைக்க முடியாது. கிள்ளானில் ஒரு டாக்டர் கரண்டுப் பெட்டி ஒன்று கொடுத்தார். பேட்டரியில் ஓடுவது. முடுக்கினால் டிர்ரென்று இரையும், கை சுருக் சுருக்கென்று இழுக்கும். "தினமும் வைம்மா, நடுவுல விட்டுடாதே" என்றார். என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் வைத்துவிடுவார். சுண்டுவிரல் அசைய ஆரம்பித்த அன்று சந்தோஷத்தில் நான் ஓவென்று அழுதேன்.

கிராணி ரேடியோ கடையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார். எந்த வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு என்று சொல்லி, அவன் ஒவ்வொரு வீடாக அணைக்கச் சொன்னான். கடைசியில் கிராணி வீட்டைத் தவிர வரிசை முழுக்க இருட்டு. கரகரப்பு மட்டும் நிற்கவில்லை. "ஐயோ, பேய்தான்!" என்று யாரோ அலறினார்கள். நாங்களோ மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் என் கைக்குப் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தோம். பேட்டரிக்கு ஏது மெயின் சுவிட்ச்? அந்த ஆள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நேரே வந்து எங்கள் கதவைத் தட்டினான்.

பெட்டியை நிறுத்தினால் பாட்டு கணீரென்று கேட்டது. முடுக்கினால் கரகரப்பு. "உள்ள தீப்பொறி தட்டுதுல்ல, அதைத்தான் ரேடியோ புடிக்குது" என்றான்.

கிராணியின் மனைவி வாசலில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். "இவ கையும் விளங்கல, நம்ம ரேடியோவையும் விளங்கவிடல!"

எல்லாரும் சிரித்தார்கள். பாவிக்குச் சொல் அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது.

"பாட்டு முடிஞ்சப்புறம் வச்சுக்கறோங்க" என்று கெஞ்சினேன். கிராணி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நான் காலையிலயும் கேப்பேன், ராத்திரியிலயும் கேப்பேன்" என்றவர், என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "என்னப்பா, குவார்ட்டர்ஸ் வேணுமா, பெட்டி வேணுமா?"

என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவரே கிராணி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

கொஞ்ச நாளில் அசைந்த விரலும் அடங்கிப்போனது. ஒரு வெள்ளிக்கிழமை, "போகலன்னா கிராணி தப்பா நினைப்பாரு" என்று என் வீட்டுக்காரர் என்னையும் அங்கே இழுத்துக்கொண்டு போனார். பாட்டில் ஒரு பிசிறு இல்லை. கிராணியின் மனைவி எல்லாருக்கும் பூஜைச் சுண்டல் கொடுத்துக்கொண்டே வந்தாள். நான் இடது கையை நீட்டினேன். வெடுக்கென்று தட்டை இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, சாமி பிரசாதத்தைப் பீச்சாங்கையாலயா வாங்குவாங்க?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "ஷ்! பாட்டு போகுதுல்ல" என்றார்.