கார்டில் இருந்த கேள்வி

லண்டன் குரோய்டனில் ஒரு கல்லூரியில் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குப் பதினாறு வருடம் கோச்சாக இருந்தேன். வென்ற கிண்ணங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக விசில் மாட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒரு புதன்கிழமைப் பிற்பகலைப் பற்றித்தான்.

1. செமிஃபைனல்

தலையில் அடிபட்டால் கேட்பதற்கென்று எங்களுக்கு ஒரு லாமினேட் கார்ட் தந்திருந்தார்கள். இது எந்த மைதானம்? எந்த ஹாஃப்? ஸ்கோர் என்ன? ஒன்றுக்குத் தடுமாறினாலும், சும்மா சந்தேகம் வந்தாலும், ஆட்டக்காரி வெளியே. அவ்வளவு எளிது.

நிருஷா எங்கள் கேப்டன், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற சென்டர்-பேக். பக்கத்துத் தோர்ண்டன் ஹீத்தில் வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை, பதினெட்டு வயது. மற்றவர்களுக்கு நான் 'கோச்', அவளுக்கு மட்டும் 'அங்கிள்'. அன்று ஒரு கோர்னர் கிக்கில் அவள் தலையும் எதிரணிக்காரி ஒருத்தியின் தலையும் மோதின. அவள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய்க் குனிந்தேன்.

"பிள்ளை, ஏலுமே? தொடர்ந்து விளையாடுவியே?"

"ஓம் அங்கிள், ஏலும்."

என் உதவிக் கோச், ஒரு ஆங்கிலேயப் பெண், "கார்ட்?" என்றாள். "ஷீ இஸ் ஃபைன்" என்று சொல்லிவிட்டேன். கார்ட் என் பொக்கற்றில்தான் இருந்தது.

எங்கள் வீடுகளில் பெரியவர் "ஏலுமே?" என்றால் "ஏலாது" என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. காய்ச்சலோடு டியூஷனுக்குப் போய் வளர்ந்தவன் நான், எனக்கா தெரியாது? தெரிந்துகொண்டேதான் கேட்டேன். வேறு சென்டர்-பேக் இல்லை. எனக்கு அந்த 'ஓம்' தேவைப்பட்டது.

பத்து நிமிடம் கழித்து ஒரு சாதாரணப் பந்தைத் தலையால் அடித்தாள். பக்கத்தில் யாருமே இல்லை. அப்படியே விழுந்தாள்.

2. ஆஸ்பத்திரி

முதல் மோதலில் கலங்கிய மூளைக்கு அந்தச் சின்ன அடியே போதுமாக இருந்தது என்றார் டாக்டர். நிருஷாவின் தாய் கடை யூனிஃபோர்மோடு ஷிப்டிலிருந்து ஓடி வந்தார்.

"எனக்கு உந்த விளையாட்டு ஒண்டும் விளங்காது. நீங்கள் நிக்கிறியள் எண்டுதான் விட்டனான்" என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கல்லூரி விசாரணையில் நானே எல்லாவற்றையும் சொல்லி, வேலையை விட்டேன்.

3. இப்போது

நிருஷா நடக்கிறாள், பேசுகிறாள். புதிதாக எதுவும் நினைவில் நிற்பதில்லை. யூனிவர்சிட்டி இடமும் போய்விட்டது. சில புதன்கிழமைகளில் தாய் அவளை மைதானத்துக்குக் கூட்டி வருவார். நானும் போவேன், பார்வையாளனாக. போன மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்கோர் என்ன, அங்கிள்?"

"ரெண்டுக்கு ஒண்டு, பிள்ளை. நாங்கள்தான் முன்னுக்கு."

சந்தோஷமாகத் தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி திரும்பினாள்.

"ஸ்கோர் என்ன, அங்கிள்?"

விசில் ஊதும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தரமும் பதில் சொன்னேன். செமிஃபைனல் அன்று நான் இதை அவளிடம் ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் போதும்.

கார்டை வெளியே எடுங்கள். அதில் இருப்பதைக் கேளுங்கள். ஏலுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.