நீட்டுப் பல் ட்ராக்கும் ஒரு சம்பந்தமும்

பனி தங்காத ஊரில் இருந்துகொண்டு பனியில் ஓடுகிற வண்டிக்குச் சாமான் விற்பது, விரதம் இருக்கிறவர் அடுத்த வீட்டுச் சமையலுக்கு உப்புப் பார்ப்பது போன்ற ஒரு தொழில்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு கராஜ் வரிசையின் கடைசிக் கதவு எங்களுடையது. உள்ளே சுருட்டி அடுக்கியிருப்பதெல்லாம் பனி ஸ்கூட்டருக்குக் கீழே சுற்றுகிற றப்பர் பட்டி. தொழிலில் அதை ட்ராக் என்போம். புல்டோசருக்கு இரும்பில் இருப்பது இதற்கு றப்பரில் இருக்கும். வெளிப்பக்கம் வரிசையாகப் பல் வைத்திருக்கும். கலியாணம் முடித்து நான் போய் இறங்கியது நோர்வேயின் வடக்குக் கரையில். இவர் முதலில் மீன் ஃபக்டரியிலும், பிறகு ஸ்கூட்டர் திருத்துகிற இடத்திலும் வேலை செய்தார். பிள்ளைகளின் படிப்புக்கென்று லண்டன் வந்தோம். தொழிலும் பின்னாலேயே வந்துவிட்டது.

இவர் ட்ராக்கைப் பார்ப்பார். மகன் நிமலன் இணையப் பக்கத்தைப் பார்ப்பான். எனக்கு ரெலிபோன். படிப்பு ஓ-லெவலோடு நின்றாலும் நோர்வேப் பாஷை வாயில் நின்றுவிட்டது. "முருகா" என்று சொல்லித்தான் போனை எடுப்பேன். மறுமுனையில் இருக்கிறவர் மூச்சு விடுகிற விதத்திலேயே இது ஓடரா முறைப்பாடா என்று கண்டுபிடிக்கிற கடைக்காரர் யாராவது இதை வாசித்தால், ஏன் முருகனைக் கூப்பிடுகிறேன் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எது முன்பக்கம்?

கடைக்கு முதலில் வந்த ட்ராக்கை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். புதுக் கார் வாங்கினால் கொண்டுபோவதில்லையா, அப்படித்தான். இவரும் நிமலனும் வான் வண்டியில் இருந்து அதை உருட்டி இறக்க, ஐயர் தட்டும் கையுமாக வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கார் என்றால் முன்பக்கப் பொனற்றில் சந்தனம் வைக்கலாம். இது வட்டமாகக் கிடந்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இவர் குனிந்து, ட்ராக்கில் போட்டிருந்த அம்புக்குறியைக் காட்டி, இந்தத் திசைக்குத்தான் சுற்றவேண்டும், மாறிப் பூட்டினால் பல் பனியை ஒழுங்காகப் பிடியாது என்று ஒரு பாடமே நடத்தினார். பின்னால் தேங்காயோடு ஒரு குடும்பம் காத்துக்கொண்டு நின்றது. ஐயர் பொறுமையாகக் கேட்டு முடித்து, சுற்றிவர நாலு இடத்தில் சந்தனம் வைத்துவிட்டுச் சொன்னார்: "சுத்துற சாமான்தானே அம்மா, எங்கை வைச்சாலும் ஒருக்கால் முன்னுக்கு வரும்."

மலையில் இருக்கு

லண்டன் முழுக்க வெயில் வேண்டும் என்று கேட்கிற நேரத்தில், வெள்ளிக்கிழமைகளில் விளக்குக்கு முன்னால் நின்று "வடக்கிலை பனி கொட்டவேணும் அப்பனே" என்று கேட்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் வியாபாரம் அப்படி.

பனி இல்லாமல் இந்த வண்டியை ஓட்டக்கூடாது. ட்ராக்கின் உள்பக்கம் இரண்டு பிளாஸ்ரிக் கட்டைகளில் உரசிக்கொண்டுதான் சுற்றும். அந்த உரசலுக்குப் பனிதான் எண்ணெய், பனிதான் தண்ணீர். புல்லிலும் கல்லிலும் ஓடினால் கட்டை உருகி ஒட்டிவிடும். ஸ்கொட்லாந்தில் ஆடு வளர்க்கிற ஒருவர், வாங்கிய கிழமையே கட்டை உருகிவிட்டது என்று கோபத்தோடு போன் எடுத்தார். பனி இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். வடிவாக யோசித்துச் சொல்லுங்கள் என்று திரும்பவும் மெதுவாகக் கேட்டேன். பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "பனி இருந்தது. மலையிலை இருந்தது. மலைக்குப் போற வழியிலைதான் இல்லை."

பெரிசாய்த் தாங்கோ

தியாகராஜா அண்ணை நாங்கள் முன்பு இருந்த அந்த வடக்குக் கரையிலேயே இன்னும் இருக்கிறார். மீன் ஃபக்டரியில் சுப்பவைசராக இருந்தவர், பென்சன் எடுத்த கையோடு ஒரு ஸ்கூட்டர் வாங்கி, அதற்கு இருப்பதிலேயே உயரமான பல்லு வைத்த ட்ராக் வேண்டும் என்று எங்களுக்குப் போன் எடுத்தார்.

நீட்டுப் பல், புதுப்பனி ஆழமாகக் கிடக்கிற இடத்துக்கு. துடுப்பு மாதிரி அள்ளித் தள்ளி வண்டியை மிதக்க விடும். மிசின் ஓட்டி அழுத்திய பாதைக்கு உயரம் குறைந்த கட்டைப் பல்தான் சரி. கெட்டிப் பனியில் நீட்டுப் பல் அள்ள ஒன்றும் இல்லாமல் மடங்கும், சூடேறும், கடைசியில் கிழியும். "அண்ணை, நீங்கள் ஓடுறது எங்கை?" என்று கேட்டேன். வீட்டிலிருந்து ஏரிக்கு அங்கால் உள்ள தன் குடிசைக்கு, அழுத்திய பாதையில்தான் என்றார். "அப்ப கட்டைப் பல்லே போதும் அண்ணை." அண்ணை சிரித்த சிரிப்பு எனக்கு இப்பவும் காதில் கேட்கிறது. "ஏன் தங்கச்சி, நீங்கள் கலியாண வீட்டுக்கு மெல்லிசுச் சங்கிலியைப் போட்டுக்கொண்டோ போறனீங்கள்?"

கல்லான எலுமிச்சம்பழம்

அண்ணை கேட்டபடியே நீட்டுப் பல் ட்ராக் போய்ச் சேர்ந்தது. அண்ணை பூட்டி, பொட்டு வைத்து, நல்ல நேரம் பார்த்து, கார் ரயருக்கு வைக்கிற மாதிரியே ட்ராக்குக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். காலமை மறந்துபோகும் என்று பழத்தை முதல்நாள் பின்னேரமே ஸ்கூட்டர் சீற்றில் வைத்திருக்கிறார். அந்த ஊர்க் குளிரில் சீற்றில் கிடந்த பழம் கல்லாய்ப் போயிருந்தது.

காரில் என்றால் பழம் நசியும், கண்ணூறு போகும். இங்கே அண்ணை விசையை அழுத்த, நீட்டுப் பல் பழத்தை அப்படியே அள்ளிப் பின்னால் எறிந்தது. பின்னால் இருந்தது அவர்களுடைய குசினி யன்னல். அன்று பின்னேரம் அவருடைய மனைவி மலர் அக்கா எனக்குப் போன் எடுத்து ஆறுதலாகச் சொன்னார்: "கண்ணூறு கழிஞ்சுது தங்கச்சி. யன்னலோடை கழிஞ்சுது."

ஆணி அடித்த ட்ராக்

வெறும் ஐஸ் வேறு கதை. காற்று அடித்துப் பனியைக் கூட்டிக்கொண்டு போனபிறகு, கண்ணாடி மாதிரிக் கிடக்கிற ஏரியில் எந்தப் பல்லும் உதவாது; எண்ணெய் கூடின தாச்சியில் தோசை வழுக்குகிற மாதிரி வண்டி வழுக்கும். அதற்கு ட்ராக்கில் துளை போட்டுக் கூர் ஆணி பூட்டவேண்டும். நோர்வேயில் இருக்கிற மாரித் என்ற பெண்ணுக்கு இவர் அப்படி ஒன்று செய்து அனுப்பினார். ஐஸை விட்டு வேறு எதிலும் ஏற்றவேண்டாம் என்று நான் இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் போன் எடுத்தார். ஏரியில் அருமையாகப் போகிறதாம், புருசன்தான் பேச்சுக் கேளாமல் வீட்டு வாசல் மரப்படியில் ஏற்றிவிட்டாராம். ஐயோ, படி என்னமாதிரி என்று கேட்டேன். நோர்வேக்காரர் சிரிக்காமலே பகிடி விடுவார்கள். "உழுத மாதிரிக் கிடக்கு. ஆனால் இப்ப அதிலை ஒருத்தரும் வழுக்கி விழுறேல்லை."

முறைப்பாட்டில் வந்த பிள்ளை

தியாகராஜா அண்ணையின் முறைப்பாடு, நான் பயந்தபடியே மாசி மாதம் வந்தது. அழுத்திய பாதையில் எஞ்சின் கொதிக்குது, பல்லு நாலைந்து கிழிந்துபோச்சு, ட்ராக் சரியில்லை. எப்படிக் கிழிந்தது என்று பார்க்க வீடியோ அனுப்பச் சொன்னோம். அண்ணைக்கு அது ஏலாது என்று மகள் ஆரணி எடுத்து அனுப்பினாள். அங்கே முதியோர் இல்லத்தில் நேர்ஸாக இருக்கிற பிள்ளை. நிமலன் பதில் போட்டான்: இடைக்கிடை பாதையின் ஓரத்தில் இளகின பனிக்குள் இறக்கி ஓடுங்கோ, அந்தப் பனி பறந்துபட எஞ்சின் குளிரும். ஆரணி ஓடிப் பார்த்து இன்னொரு வீடியோ அனுப்பினாள். இவன் இன்னொரு பதில்.

பனி கரைந்து, அண்ணை ஸ்கூட்டரைத் தறப்பாளால் மூடின பிறகும் வீடியோ வந்துகொண்டிருந்தது. "ஆடி மாசத்திலை என்ன ட்ராக்கடா?" என்று கேட்டேன். நிமலன் காது சிவந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். நான் அண்ணை என்று கூப்பிடுகிறவரின் மகள், முறையும் சரி. மலர் அக்காவுக்கும் விருப்பம். ஆரணியோ அப்பா சம்மதிக்காமல் தாலி கட்டமாட்டன் என்று சொல்லிவிட்டாள். அப்பா சொன்னது இதுதான்: "ஒழுங்கான ட்ராக் குடுக்கத் தெரியாத வீட்டுக்குப் பொம்பிளை குடுக்கிறதோ?"

கேட்டதும் கிடைத்ததும்

அடுத்த ஈஸ்ரர் லீவுக்கு நிமலன் ஒரு கட்டைப் பல் ட்ராக்கோடு வடக்குக்குப் போனான். அதை ஆரணியின் பழைய ஸ்கூட்டரில் பூட்டி, அண்ணையோடு சேர்ந்து குடிசைவரை ஓடுவது. அழுத்திய பாதையில் கட்டைப் பல் சுகமாகப் போவதை அண்ணை தன் கண்ணாலேயே பார்த்தால், சாமானில் பிழை இல்லை, தெரிவில்தான் பிழை என்று விளங்கும். இதுதான் அவனுடைய கணக்கு. அதற்குப் பாதை கெட்டியாகக் கிடக்கவேண்டும். ஆகவே என் வாழ்க்கையில் முதல் தடவையாக, பனி கொட்டக்கூடாது என்று கும்பிட்டேன். வெள்ளிக்கிழமை மனோர் பார்க்குக்கே போய் அருச்சனை செய்தேன். ஐயர், "வழமையாய்க் கொட்டச் சொல்லித்தானே கேப்பீங்கள்?" என்றார்.

முருகனுக்கும் வழமை மறக்கவில்லைப் போல. அன்றிரவே அங்கே இடுப்பளவு கொட்டியது. காலமை பாதையே தெரியவில்லை. ஏரி தாண்டி ஏற்றத்தில் ஏறும்போது நிமலனின் கட்டைப் பல், பிடிக்க ஒன்றும் கிடையாமல் கிணறு தோண்டுகிற மாதிரிக் கீழே கீழே தோண்ட, வண்டி சீற்றுவரைக்கும் புதைந்தது. முன்னால் போன அண்ணை திரும்பிப் பார்த்தார். அவரே பழித்த அந்த நீட்டுப் பல் ட்ராக்கில், எஞ்சின் கொதிக்காமல், கப்பல் மாதிரி மிதந்து வந்து, கயிறு கட்டி, மாப்பிள்ளையாக வரப் பார்த்தவனையும் வண்டியையும் ஏற்றத்தின் உச்சிவரை இழுத்துக்கொண்டு போனாராம். வழி நெடுகச் சிரித்தாராம். அண்ணைக்குப் பின்னால் இருந்துபோன ஆரணி அதையும் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். நிமலன் தலை முழுக்கப் பனி.

எல்லாம் கெட்டது என்று நான் சாமி விளக்குக்கு முன்னால் இருந்தபோதுதான் போன் அடித்தது. "முருகா" என்று எடுத்தேன். அண்ணையின் மூச்சு. இத்தனை வருச அனுபவத்திலும் அது எந்த மூச்சென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "தங்கச்சி, நான் அண்டைக்கே பெரிசாய்த் தாங்கோ எண்டு சொன்னனான், பாத்தியளே. உங்கடை ட்ராக்கிலை ஒரு குறையும் இல்லை. குறை உங்கடை மகன்ரை ஓட்டத்திலைதான். கலியாணத்தை அங்கை கோயிலிலை வையுங்கோ. பெடியனை இஞ்சை வைச்சு நான் திருத்தித் தாறன்."

பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்போம் என்று சொல்லித்தான் இவ்வளவு காலமும் வடக்குக்குச் சாமான் அனுப்பினோம். திருப்பிக் கேட்க ஏலாத ஒன்றை அனுப்பியிருப்பது இதுதான் முதல் தரம்.