பாட்டுக்கு அடியில் ஒரு குரல்

கல்யாண வீடியோவில் மனிதர்கள் பேசுவது யாருக்கு வேண்டும்? எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. வாசலில் பன்னீர் தெளிப்பதிலிருந்து பந்தி முடியும்வரை சினிமாப் பாட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் படம் பிடிப்பான். சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில், எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து நான் எடிட் செய்வேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை.

இடம்தான் பெரிய தலைவலி. ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் பதின்மூன்று ஜிபியை விழுங்கிவிடும். எங்கள் ஹார்ட் டிஸ்க்கோ மொத்தமே நாற்பது. சிடி கொடுத்த கையோடு அண்ணன் அதே டேப்பில் அடுத்த முகூர்த்தத்தைப் பிடித்துவிடுவான்.

"எல்லாத்தையும் அழிச்சித் தொலைம்மா. இன்னாத்துக்குக் குப்பைய சேத்து வெச்சிக்கினு கீற?" என்று கத்துவான்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? "நாளைக்கே சம்பந்திங்க சண்ட போட்டுக்கினு, அந்தாளு மூஞ்சிய எடுன்னு வருவாங்க. அப்ப நீ வந்து எடுப்பியா?"

நிஜமாகவே அப்படி வருவார்கள். அதனால் படத்தை நன்றாகச் சுருக்கி வைப்பேன். முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும், போகட்டும். சத்தம் அதிக இடம் பிடிக்காது. அதைச் சுருக்காமல், பாட்டைத் தனியாகவும் கேமரா மைக்கில் விழுந்ததைத் தனியாகவும் வைப்பேன். எங்கே வெட்டினேன், எங்கே ஒட்டினேன் என்பதும் கூடவே பதிந்திருக்கும். சிடியாகிவிட்டால் எல்லாம் சோற்றில் பிசைந்த குழம்புதான், பிரிக்க முடியாது.

ஒருநாள் ஐயம்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளி வந்தார். முந்தின வருடம் அவர் மகள் கல்யாணத்தை நாங்கள்தான் பிடித்திருந்தோம். சிடியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"என் பொஞ்சாதி போன மாசம் தவறிட்டாம்மா. இதுல அவ வர்றா. வாய் அசையுது, பாட்டுதான் கேக்குது. அவ பேசுனது வேற எதுலயும் இல்ல. அந்தப் பாட்ட மட்டும் எடுக்க முடியுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த டேப்பில் இப்போது வேறு யாருடைய கல்யாணமோ இருந்தது. நான் பழைய ஃபைலைத் திறந்து பாட்டை நிறுத்தினேன்.

நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. யாரோ தேங்காய் எங்கே என்று கேட்டார்கள். அப்புறம் அந்த அம்மாவின் குரல்: "யோவ், வேத்துக் கொட்டுது பாரு. தொடச்சிக்க."

"அவதாம்மா!" அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார், போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டேன்.

பிறகு தாலி கட்டும் இடம் வந்தது. அந்த அம்மா கணவரின் காதருகே குனிந்து, "ஏய்யா, நம்ம..." என்று ஆரம்பித்தார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று ஐயர் குரல் கொடுக்க, மேளம் வெடித்தது. அந்த அம்மாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. இவர் மாப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மேளத்தையும் எடுத்துடும்மா."

பாட்டு நான் போட்டது, எடுத்துவிட்டேன். மேளம் அந்த அம்மாவின் குரலோடு ஒரே மைக்கில் விழுந்தது. அந்த நேரத்தில் வேறெந்தச் சொல்லும் காதில் விழக்கூடாது என்றுதானே அதை அப்படி அடிக்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். மேளம்தான் கூடியது, குறைந்தது. பாழாய்ப்போன மேளம்!

"அது வராதுங்க. ரெண்டும் ஒண்ணாவே பதிஞ்சிருக்குது" என்றேன். "அன்னிக்கி இன்னா சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்குதாங்க?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ ஏதோ சொன்னான்றதே எனக்கு இப்பதாம்மா தெரியுது."