ரிசல்ட்டுக்கு முந்திய பால்கோவா

போன வாரம் ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு பால்கோவா போயிற்று. கொடுத்தவன் என் தம்பி முருகேசன். என்ன விசேஷம் என்கிறீர்களா? தெருவும் அதையேதான் கேட்டது!

தம்பி பேண்டேஜ் துணிக்குத் தறி போட்டிருப்பவன். அவன் மகள் நித்யா பி.காம். இரண்டாம் வருஷம். தினமும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் காலேஜுக்குப் போய் வருகிறாள். இந்த செமஸ்டரில் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரைப் பார்த்ததும் தெரிந்த கணக்கும் மறந்துவிட்டதாம். அன்றிலிருந்து பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

"பெயிலாயிட்டா காலேஜுக்கே போமாட்டேன் பெரியப்பா. பாக்கியம் அத்தை கேப்பாகளே... என்ன சொல்ல?"

பாக்கியம் அக்கா எதிர்வீடு. தெருவில் எந்தப் பிள்ளை எத்தனை மார்க் என்பது பெற்றவர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நல்ல மனுஷிதான் - ஆனால் கேட்காமல் விடமாட்டார். "எங்க சுமதியெல்லாம் ஒரே தடவைல..." என்று தன் மகள் புராணத்தையும் சேர்த்துச் சொல்லித்தான் அனுப்புவார்.

ரிசல்ட்டுக்கு முந்தின நாள் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலில் நித்யா பேருக்கு அர்ச்சனை செய்தான். வரும் வழியில், பாஸானதும் கொடுக்க எப்படியும் வேண்டியிருக்கும் என்று பால்கோவாவும் வாங்கிவிட்டான். நித்யாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இத யாருப்பா வாங்கச் சொன்னா?" என்று ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விடிந்தால், யுனிவர்சிட்டி ரிசல்ட்டைத் தள்ளிவைத்துவிட்டது. எப்போது வரும் என்றும் சொல்லவில்லை. ரிசல்ட் எத்தனை நாளானாலும் கெடாது... பால்கோவா? ஃப்ரிட்ஜில் வைத்தால் ருசியே போய்விடும் என்பது தம்பியின் உறுதியான கொள்கை. எனவே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

"என்னலே முருகேசா, நித்யாவுக்குக் கல்யாணம் எதும் முடிவாயிருச்சா?" - பாக்கியம் அக்கா.

"இல்லக்கா. பரீட்சை எழுதியிருக்கா."

"ரிசல்ட் வந்துருச்சா?"

"இன்னும் வரல."

"பொறவு எதுக்கு?"

தம்பி பால்கோவாவை அவர் கையில் வைத்தான். "அதான்... எழுதியிருக்காள்ல. அதுக்குத்தான்!"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இந்த வாரம் ரிசல்ட் வந்தேவிட்டது. மற்றதெல்லாம் பாஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ் மட்டும் பெயில். நித்யா அழுதாள். அவள் படிப்பை விட்டுவிடுவாளோ என்று எனக்கும் பயம்தான்.

ஆனால் துக்கம் விசாரிக்க ஒருத்தரும் வரவில்லை. இனிப்பை வாங்கிச் சாப்பிட்டவர்கள் எந்த முகத்தோடு வருவார்கள்? அந்த அமைதியில் பிள்ளை அழுது முடித்து, சாப்பிட்டு, தூங்கியும் விட்டாள். அவள் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பாக்கியம் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பால்கோவா அவரை எத்தனை நேரம்தான் தடுக்கும்?

"ஏட்டி நித்யா, ரிசல்ட் என்னாச்சு?"

வாசலில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன். நித்யா தலையைக் குனியவில்லை.

"ஸ்டாடிஸ்டிக்ஸ் போச்சு அத்தை. திரும்ப எழுதணும்."

"அம்புட்டுத்தானா? எங்க சுமதி அதே பேப்பர்ல ரெண்டு தடவ போனவதான். இப்ப பேங்க்ல இல்லையா? போ, போ... பஸ்ஸை விட்டுறாத!"

நித்யா சிரித்துக்கொண்டே ஓடினாள். நான்தான் வாயைப் பிளந்தபடி நின்றேன் - ஒரே தடவையில் பாஸான சுமதியை வைத்து இத்தனை வருஷமும் எங்கள் தெருப் பிள்ளைகளையெல்லாம் மிரட்டி வைத்திருந்தாரே அக்கா!