காலி இருந்தும் இடமில்லாத வட்டு

அண்ணாமலை நகரில் கணினி படித்த ஷாசியா, எதையும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டாள். காய்ச்சல் இல்லை என்று டாக்டரே சொன்னாலும் தெர்மாமீட்டரைக் கையில் வாங்கிப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவளை அவள் எழுதிய நிரலே ஏமாற்றியது என்றால் பாருங்களேன்!

கடலூரில் கல்யாண வீடியோ எடுப்பவர் சார்லஸ். லேப்டாப்பின் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், எவ்வளவு இடம் மிச்சம் என்று திரையில் காட்டும் சின்ன நிரல் ஒன்றை ஷாசியா அவருக்கு சி மொழியில் எழுதிக் கொடுத்திருந்தாள். அன்றைக்கு மஞ்சக்குப்பத்து மண்டபத்தில் அவள் தோழி நஜியாவுக்கு நிக்காஹ். நஜியாவின் அத்தா இஸ்மாயிலுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. மகள் நிக்காஹை அந்த மனிதர் வீடியோவில் பார்த்தால்தான் உண்டு.

கேமராவை சார்லஸின் லேப்டாப்பில் இணைத்து ஒத்திகை பார்த்தார்கள். தொடங்கியதுமே பதிவு நின்றது. இடமில்லை என்றது கம்ப்யூட்டர். எண்பது ஜிபி காலி என்றது ஷாசியாவின் நிரல்.

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. ஒன்னோடதுதாம்மா" என்றார் சார்லஸ்.

"என் கணக்கு தப்பாவாதுண்ணே. ஒங்க வயரப் பாருங்க."

வயரை மாற்றியும் அதே கதைதான். மாப்பிள்ளை கார் ஆலப்பாக்கம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. நிரலைப் பார்க்கலாம் என்று ஷாசியா அந்த லேப்டாப்போடு முன்வரிசையில் காலியாக இருந்த சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். நஜியாவின் மாமி அஜீசுன்னிசா பறந்து வந்தார்.

"எந்திரி, எந்திரி! அது மாப்ள வூட்டு எடம்."

"காலியாத்தானே மாமி இருக்கு?"

"காலிதான். ஒனக்கில்ல."

எழுந்தவள் நின்ற இடத்திலேயே சிரித்தாள்.

"திட்டுனா சிரிக்கிது பாரு! கொழுப்பு ஜாஸ்தி" என்றார் மாமி.

வட்டிலும் இப்படி ஒரு முன்வரிசை உண்டு. கணினியை ஆளும் root-க்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கும். மற்றவர்கள் அதில் எழுத முடியாது. statvfs என்று கேட்டால் கணினி இரண்டையும் சொல்லும். f_bfree மொத்தக் காலி; f_bavail நம்மைப் போன்றவர்களுக்கான காலி. அவசரத்தில் ஷாசியா எழுதி வைத்திருந்தது முதலாவது. அந்த ஒரு பெயரை மாற்றி ஓடவிட்டாள். திரையில் பூஜ்யம்; அந்த எண்பது ஜிபியும் root-க்கு ஒதுக்கியது.

சார்லஸ் நெஞ்சில் கைவைத்தார். "அடிப்பாவி! இருந்ததையும் புடுங்கிட்டியே!"

"இல்லாததத்தாண்ணே எடுத்தேன். தப்பு என்னோடதுதான். சரி, இதுல கிரிக்கெட் மேட்ச்சா ரொப்பி வெச்சிருக்கீங்களே, அழிங்க."

"எல்லாம் ஃபைனலும்மா!"

"கப்பு யாருக்குன்னு தெரிஞ்சிடுச்சில்ல? அழிங்க."

ஒவ்வொன்றாக, ஏதோ சொந்தக்காரரை வழியனுப்புவது போல அவர் அழித்தார். எண் ஏறிக்கொண்டே வந்தது. வாசலில் மாப்பிள்ளை கார் ஹாரன் அடித்தபோது கேமரா ஓடத் தொடங்கியது. கடைசியில் துஆ ஓதிப் பிரார்த்தனை முடியும்வரை நிற்கவில்லை.

மறுநாள் ஷாசியாவின் போனில் குவைத்திலிருந்து இஸ்மாயிலின் குரல் வந்தது: "எல்லாம் பாத்துட்டேம்மா. மறுபடியும் பாத்தேன். நம்ம புள்ள அழுதது, சிரிச்சது, எல்லாம் தெளிவா இருக்கு. சம்மதமான்னு கேட்டப்ப மாப்ளதான் கபூல்னு இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்."

அதற்கு ஷாசியா என்ன செய்வாள்?